தன் சூட்டைத் தான் காணாத கமெரா

வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகும்போது, யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் நள்ளிரவிலும் கைப்பேசித் திரையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் செய்மதிப் படங்கள் சூரிய ஒளியால் எடுக்கப்பட்டவை அல்ல. முகிலும் கடலும் நிலமும் இரவு பகல் என்ற வேறுபாடின்றித் தாமே வெளிவிட்டுக்கொண்டிருக்கும் வெப்பக் கதிர்களைச் சேர்த்தே அந்தப் படங்கள் ஆக்கப்படுகின்றன. செய்மதியில் உள்ள அக்கருவிக்கும், கரையோரக் கோபுரத்திலோ கப்பலிலோ தேடுதல் விமானத்திலோ பொருத்தப்படும் உயர்தர வெப்பக் கமெராவுக்கும் அடிப்படை ஒன்றே. இரண்டிலும் கதிரை உணரும் பகுதி கடுங்குளிரில் வைக்கப்பட்டிருக்கிறது. இவற்றைப் பற்றிப் பொதுவாக எழுதப்படுவன எல்லாம் அவை எவ்வளவு தொலைவைக் காண்கின்றன என்பதையே வியந்து பேசுகின்றன. வில்லைகளை வடிவமைப்பவருக்கோ தொலைவு இரண்டாம் சிக்கல்தான். கமெரா தன்னைத்தானே பார்த்துவிடாமல் தடுப்பது அவருக்கு முதலாவது சிக்கல்; அதைத் தடுத்துக்கொண்டே கருவியைச் சிறிதாக்குவது அதனினும் பெரிய சிக்கல்.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்ற வானியலாளர், சூரிய ஒளியை அரியம் ஒன்றினூடாகப் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அங்கும் அது சூடேறக் கண்டார். இலங்கைப் பாடநூல்கள் செந்நிறக்கீழ்க் கதிர் என்றும் தமிழ்நாட்டு நூல்கள் அகச்சிவப்புக் கதிர் என்றும் குறிப்பிடுவது இதையே. தனிப்பூச்சியத்துக்கு மேற்பட்ட வெப்பநிலையில் உள்ள எந்தப் பொருளும் இக்கதிரை வெளிவிடுகிறது. வெப்பநிலை கூடக்கூடக் கதிரின் அளவு கூடுவதோடு அதன் அலைநீளமும் குறைந்துகொண்டு போகிறது. ஏறத்தாழ 6,000 கெல்வின் வெப்பநிலையுள்ள சூரியன் கட்புலனாகும் ஒளியில் உச்சம் பெறுவதும், 300 கெல்வினை, அதாவது 27 பாகை செல்சியஸை, ஒட்டியுள்ள மனித உடலும் பனைமரமும் கல்மதிலும் 10 மைக்றோமீற்றரை அண்டிய அலைநீளத்தில் உச்சம் பெறுவதும் இதனால்தான். ஒரு மைக்றோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்தக் கதிர்கள் எல்லாம் வளிமண்டலத்தைத் தடையின்றிக் கடந்துவிடுவதில்லை. நீராவியும் காபனீரொட்சைட்டும் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ள, 3 முதல் 5 வரையும் 8 முதல் 12 வரையுமான மைக்றோமீற்றர் அலைநீளங்களில் மட்டும் இரண்டு சாளரங்கள் திறந்திருக்கின்றன. பொருள்கள் அதிகம் கதிர்வீசுவது இரண்டாவது சாளரத்தில் என்பதால் அதுவே சிறந்தது என்று தோன்றும். வறண்ட நிலங்களில் அது பெரும்பாலும் உண்மையுங்கூட. ஆனால் மூன்று பக்கமும் கடலும் நடுவே கடனீரேரிகளும் சூழ்ந்த யாழ்ப்பாணம் போன்ற இடத்தில், காற்றில் எப்போதும் நிறைந்திருக்கும் நீராவி நீண்ட அலைநீளச் சாளரத்தை மெல்ல மெல்ல மங்கச் செய்துவிடுகிறது. ஈரமான வெப்பவலயக் கடற்காற்றினூடாகப் பல கிலோமீற்றர் பார்க்க வேண்டுமானால் 3 முதல் 5 வரையான குறுகிய சாளரமே கைகொடுக்கிறது. இச்சாளரத்தில் வேறொரு நன்மையும் உண்டு: 4 மைக்றோமீற்றர் அலைநீளத்தில், பொருளின் வெப்பநிலை ஒரு பாகை மாறினால் அதன் கதிர்வீச்சு ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு வீதம் மாறுகிறது, 10 மைக்றோமீற்றரில் அம்மாற்றம் ஒன்றரை வீதத்தைச் சற்றே தாண்டும். விலை என்னவென்றால், இங்கு வரும் கதிரின் மொத்த அளவு மிகக் குறைவு. அந்தச் சிறிதளவையும் வீணாக்காமல் பிடிக்கக்கூடிய உணரி வேண்டும்.

அத்தகைய உணரிகள் இந்தியம் அந்திமனைட்டு, இரச கட்மியம் தெலுரைட்டு போன்ற குறைகடத்திகளால் செய்யப்படுகின்றன. இவற்றில் இரண்டாவதை 1959இல் பிரித்தானியாவின் மால்வேர்ன் நகரில் இருந்த அரச ராடர் ஆய்வு நிலையத்தார் உருவாக்கினர். வலுக்குறைந்த செந்நிறக்கீழ்ப் போட்டன்கூட ஓர் இலத்திரனை விடுவிக்கும்படி ஆக்கப்பட்ட பொருளில், அறை வெப்பநிலையின் அதிர்வே எண்ணற்ற இலத்திரன்களைத் தானாக விடுவித்துவிடும் என்பதால், வெளியிலிருந்து வரும் செய்தி அந்த இரைச்சலில் அமிழ்ந்துபோகும். ஆகவே உணரியைத் திரவ நைதரசனின் வெப்பநிலையான 77 கெல்வின், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸ், அளவுக்குக் குளிரச் செய்கிறார்கள். 1816இல் ரொபேட் ஸ்ரேளிங் கண்டறிந்த இயந்திரத்தை மறுவழியாக இயக்கும் சிறு குளிராக்கி இந்த வேலையைச் செய்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அதன் மோட்டர் ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் உணரி தயாராகிவிடும். கடைகளில் இன்று கிடைக்கும் மலிவான வெப்பக் கமெராக்களில் இக்குளிராக்கி இல்லை. மின்சுற்றுகளின் சூட்டைச் சோதிப்பதற்கும் கட்டடங்களில் நீர்க்கசிவைத் தேடுவதற்கும் அவை தாராளமாகப் போதும். அவற்றை வாங்குபவர் குளிரூட்டப்பட்ட கமெராவை எண்ணி ஏங்க வேண்டியதில்லை. தொலைவும் நுட்பமும் ஒருங்கே தேவைப்படும் இடத்தில்தான் குளிராக்கியின் செலவு நியாயமாகிறது.

உணரியைக் குளிரூட்டியவுடன் சிக்கல் தீர்ந்துவிட்டதாகத் தோன்றலாம். மெய்யான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கமெராவின் உலோக உடலும் வில்லைகளைத் தாங்கும் வளையங்களும் 300 கெல்வின் வெப்பநிலையிலேயே இருக்கின்றன. பார்க்க வேண்டிய படகும் கடலும் ஏறத்தாழ அதே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. செந்நிறக்கீழ்க் கண்ணுக்குக் கமெராவின் உட்புறம் முழுவதும், எரியும் ரியூப் லைற்றுகளால் சுவர் கட்டிய அறைபோலப் பிரகாசிக்கிறது. அந்த அறையில் நின்றுகொண்டே அக்கரையின் கைவிளக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதை எண்ணிக்கையிலும் சொல்லலாம். வில்லைத் தொகுதியின் குவியத்தூரத்தை அதன் துவார விட்டத்தால் வகுத்து வருவது துவார எண். இந்த எண் 4 ஆக உள்ள கமெராவில், உணரியின் ஒரு புள்ளியிலிருந்து பார்க்கும்போது வில்லையினூடாக வெளியுலகம் தெரியும் கூம்பு, அப்புள்ளிக்கு முன்னால் உள்ள அரைக்கோளம் முழுவதிலும் இருந்து வரக்கூடிய கதிரில் 65இல் ஒரு பங்கை மட்டுமே தருகிறது. எஞ்சிய 64 பங்கும் கமெராவின் சொந்தச் சூடு. வெளியுலகிலிருந்து வரும் அந்த ஒரு பங்கிலும் ஒரு பாகை வேறுபாடு நூற்றுக்கு நான்கு வீத மாற்றத்தையே உண்டாக்கும். நல்ல கமெராக்கள் ஒரு பாகையின் ஐம்பதில் ஒரு பங்கையும் பிரித்தறிய வேண்டியிருப்பதால், மொத்தக் கதிரில் எண்பதினாயிரத்தில் ஒரு பங்கைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை உருவாகிறது. மிகுதியானதைக் கணினியில் கழித்துவிட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. கழிக்கலாம், ஆனால் பயனில்லை. போட்டன்கள் ஒழுங்கான தாளத்தில் வருவதில்லை. அவற்றின் வருகை மழைத்துளிபோல் ஏறியிறங்குவதால், தேவையற்ற 64 பங்கின் சராசரியைக் கழித்தாலும் அதன் ஏற்றத்தாழ்வு எஞ்சி நின்று செய்தியை மறைத்துவிடும். அதோடு ஒவ்வோர் உணரிப் புள்ளியும் சேர்த்துவைக்கக்கூடிய இலத்திரன்களுக்கு எல்லையுண்டு. வீட்டுச் சூடே அந்த இடத்தை நிரப்பிவிட்டால் விருந்தாளிக்கு இடமிருக்காது.

எனவே உணரியைச் சுற்றி, அதே குளிர்நிலையில் உள்ள கறுத்த உட்சுவர் கொண்ட ஒரு சிறு குழாயைப் பொருத்துகிறார்கள். குளிர்க்கவசம் என்று சொல்லத்தக்க அக்குழாயின் முன்வாயில் ஒரு வட்டத் துளை விடப்படுகிறது, அதுவே குளிர்த்துவாரம். உணரி, கவசம், துவாரம் ஆகிய மூன்றும் காற்றகற்றப்பட்ட இரட்டைச் சுவர்க் குடுவைக்குள் இருக்கின்றன. தேநீரைச் சூடு ஆறாமல் வைத்திருக்கும் பிளாஸ்கின் மூதாதையான இக்குடுவையை 1892இல் ஜேம்ஸ் டூவர் என்ற ஸ்கொட்லாந்து விஞ்ஞானி குளிர்ந்த திரவங்களைப் பேணுவதற்காகவே செய்தார். குடுவையின் முன்பக்கத்தில் சிலிக்கனாலோ ஜேர்மானியத்தாலோ ஆன தட்டையான சாளரம் இருக்கும். வடிவமைப்பாளர் இந்தப் பொதியைத் தாமாகச் செய்வதில்லை. உணரித் தொழிற்சாலை அதை ஒரே அலகாகப் பூட்டி அனுப்புகிறது. குளிர்த்துவாரத்தின் விட்டமும் உணரியிலிருந்து அதன் தூரமும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. துவாரத்தைச் சற்று முன்னே தள்ளி வைத்தால் வில்லைகளுக்கு வசதிதான். ஆனால் கவசம் நீண்டால் குளிரூட்ட வேண்டிய திணிவு கூடி, குளிராக்கி பெரிதாகி, காத்திருக்கும் நேரமும் ஏறிவிடும் என்பதால் அது பெரும்பாலும் உணரிக்கு 20 மில்லிமீற்றர் அளவில், மிக அருகே, நின்றுவிடுகிறது.

சாதாரணக் கமெராவின் வில்லையை வரைபவர் முன்னாலிருந்து, காட்சியின் பக்கமிருந்து, தொடங்குவார். குளிரூட்டப்பட்ட கமெராவில் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். வில்லைத் தொகுதியினூடாக வரும் ஒளிக்கற்றை குளிர்த்துவாரத்தைச் சரியாக நிரப்ப வேண்டும். குறைந்தால் அத்துவாரத்தின் ஓரம் வழியாக உணரி கமெராவின் சூடான உட்சுவரைப் பார்த்துவிடும், மிகுந்தால் சேர்த்த கதிர் வீணாகும். படத்தின் நடுவில் விழும் கற்றைக்கு மட்டுமன்றி மூலையில் விழும் கற்றைக்கும் இவ்விதி பொருந்த வேண்டும். எனவே தொகுதி முழுவதுக்கும் கதிரை வரையறுக்கும் வாயில் முன் வில்லை அல்ல, உள்ளே இருளில் இருக்கும் அந்தச் சிறு துளையே.

இதன் விளைவைப் பாக்கு நீரிணையில் ஒரு படகைத் தேடும் கமெராவை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 300 மில்லிமீற்றர் குவியத்தூரம், துவார எண் 4, 15 மைக்றோமீற்றர் அகலமுள்ள புள்ளிகள் கிடையாக 640உம் நிலைக்குத்தாக 512உம் கொண்ட உணரி என எடுத்துக்கொண்டால், 10 கிலோமீற்றர் தொலைவில் ஒரு புள்ளி அரை மீற்றரைக் குறிக்கும். குடாநாட்டு மீனவர்கள் பயன்படுத்தும் 18 அடி பைபர் படகு ஏறத்தாழ 11 புள்ளிகளில் தெரியும். 300ஐ 4ஆல் வகுக்க, முன் வில்லையின் விட்டம் 75 மில்லிமீற்றர் இருந்தால் போதும். ஆனால் அந்த வில்லையை நேரடியாக உணரிக்கு முன்னே வைத்து, உணரியிலிருந்து 20 மில்லிமீற்றர் தூரத்தில் உள்ள குளிர்த்துவாரத்தை வாயிலாக்கினால், படத்தின் மூலையை நோக்கி வரும் கற்றை அத்துவாரத்தின் நடுவைக் கடக்கும் பொருட்டு முன் வில்லையின் மையத்திலிருந்து 86 மில்லிமீற்றர் விலகி நுழைய வேண்டியிருக்கிறது. எதிர் மூலைக்கும் அவ்வாறே. 75 மில்லிமீற்றர் போதுமென்றிருந்த வில்லை ஏறத்தாழ 250 மில்லிமீற்றராக வீங்கிவிடுகிறது. இரண்டு சென்ரிமீற்றர் தடிப்புள்ள அத்தகைய ஜேர்மானியத் தட்டின் எடை மட்டும் 5 கிலோகிராமைத் தாண்டும்; அதில் மிகச் சிறு பகுதியே ஒவ்வொரு கற்றைக்கும் பயன்படும்.

இந்த வீக்கத்தைத் தணிக்கும் வழி, கதிரை இருமுறை குவிப்பது. முன் வில்லைகள் கமெராவின் நடுவிலேயே ஓர் இடைவிம்பத்தை உருவாக்குகின்றன. அதன் பின்னுள்ள கடத்தும் வில்லைகள் அவ்விம்பத்தை உணரிக்குக் கொண்டுபோகின்றன. இவ்வாறு செய்யும்போது கடத்தும் வில்லைகள் இன்னொரு வேலையையும் மறைவாகச் செய்கின்றன: எதிர்த்திசையில் பார்த்தால், அவை குளிர்த்துவாரத்தின் விம்பத்தை முன் வில்லையின் மேலேயே விழுத்துகின்றன. துளை குடுவைக்குள் இருந்தாலும் அதன் விம்பம் முன் வாயிலில் நிற்கிறது. நடுவுக்கான கற்றையும் மூலைக்கான கற்றையும் ஒரே இடத்தினூடாக நுழைகின்றன. முன் வில்லை மீண்டும் 75 மில்லிமீற்றரைச் சற்றே விஞ்சிய அளவுக்குச் சுருங்குகிறது. நெடுந்தூரம் பார்க்கும் குளிரூட்டப்பட்ட கமெராக்களில் இந்த அமைப்பு ஏறத்தாழ விதியாகிவிட்டது.

அகலத்தில் மிச்சம் பிடித்தது நீளத்தில் செலவாகிறது. இருமுறை குவிப்பதற்கு இடம் வேண்டும், கூடுதல் வில்லைகள் வேண்டும். நீளத்தைக் குறைக்க வடிவமைப்பாளர் முன் தொகுதியின் குவியத்தூரத்தை 150 மில்லிமீற்றராகப் பாதியாக்கி, கடத்தும் தொகுதி விம்பத்தை இரண்டு மடங்காகப் பெருக்கும்படி செய்யலாம்; முடிவில் கிடைப்பது அதே 300தான், கருவியோ குறுகிவிடும். இத்துறையின் கணக்கு இங்கேதான் கடுமையாகிறது. முன் தொகுதியின் துவார எண் 4இலிருந்து 2ஆக இறங்குவதால் கதிர்கள் மிகச் சரிவாக வளைய வேண்டியிருக்கிறது, விம்பத்தின் பிழைகள் விரைவாகப் பெருகுகின்றன. அதைவிட மோசமானது, குவியத்தில் ஏற்படும் பிழை பெருக்கத்தின் வர்க்கமாக வளர்வது. பெருக்கம் இரண்டு என்றால் பிழை நான்கு மடங்கு. முன் தொகுதியில் மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு இடறினால் உணரியில் அது ஐந்தில் ஒரு பங்காகிவிடும். 4 மைக்றோமீற்றர் அலைநீளத்தில் துவார எண் 4 உள்ள கமெரா பொறுத்துக்கொள்ளக்கூடிய குவிய விலகலோ 0.13 மில்லிமீற்றர் அளவுதான். கருவியைப் பாதியாக்கியவர் தொழிற்சாலையிடம் நான்கு மடங்கு துல்லியம் கேட்கிறார் என்பது இதன் பொருள்.

நீளத்தை மறைக்க இன்னொரு உத்தி, தட்டையான ஆடிகளால் ஒளிப்பாதையை மடிப்பது. பாதையின் நீளம் குறையாது. பெட்டி மட்டும் சிறிதாகும். வில்லைகளுக்குப் பதில் வளைந்த ஆடிகளையே பயன்படுத்தினால், அலைநீளத்துக்கேற்பக் குவியம் மாறும் நிறப்பிழையும் இல்லை, எடையும் குறைவு. ஆனால் நடுவில் சிற்றாடி தொங்கும் தொலைநோக்கி அமைப்பில் அச்சிற்றாடியின் பின்புறமும் அதைத் தாங்கும் கால்களும் சூடான பொருள்களாக உணரியின் பார்வைக்குள் வந்துவிடுவதால், குளிர்த்துவாரத்தின் நடுவிலும் அதே வடிவில் ஒரு குளிர்ந்த தடுப்பைப் பொருத்த வேண்டிவரும்.

வில்லைகளை எதனால் செய்வது என்பது தனி வரலாறு. சாளரக் கண்ணாடி இக்கதிர்களுக்குச் சுவர்தான். ஜேர்மானியமும் சிலிக்கனும், கட்புலனாகும் ஒளிக்கு உலோகம்போலத் தோன்றும் அந்தக் குறைகடத்திகள், செந்நிறக்கீழ்க் கதிருக்குத் தெளிந்த நீராகிவிடுகின்றன. கண்ணாடியின் முறிவுச்சுட்டி ஒன்றரையை ஒட்டியிருக்க, ஜேர்மானியத்தினது 4. சிறு வளைவே கதிரைப் பெரிதும் திருப்பிவிடும் என்பதால் குறைந்த வில்லைகளில் வேலை முடிகிறது. அதே உயர்ந்த சுட்டி ஒவ்வொரு மேற்பரப்பிலும் நூற்றுக்கு 36 வீதக் கதிரைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் தெறிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சு இல்லாமல் ஒரு வில்லையும் பயன்படாது. 3 முதல் 5 வரையான சாளரத்தில் சிலிக்கனில் குவிவு வில்லையும் ஜேர்மானியத்தில் குழிவு வில்லையும் இணைத்து நிறப்பிழையைத் திருத்துவது பழைய வழக்கம். வைரமுனை பொருத்திய கடைசல் இயந்திரங்கள் வந்த பின், கோளமல்லாத வளைவுகளையும் மேற்பரப்பில் மிக நுண்ணிய படிக்கட்டு வளையங்களையும் நேரடியாகச் செதுக்க முடிவதால், மூன்று வில்லைகள் செய்த திருத்தத்தை ஒன்றே செய்யும் வாய்ப்பு ஏற்பட்டது. கருவிகள் கடந்த சில பத்தாண்டுகளில் சுருங்கியதில் கணினியின் பங்கைப் பலர் சொல்வர். அந்தக் கடைசல் இயந்திரத்துக்கும் அதில் சமபங்கு தர வேண்டும்.

ஜேர்மானியத்தின் பெருங்குறை வெப்பம். வெப்பநிலை மாறும்போது அதன் முறிவுச்சுட்டி வேறெந்தப் பொதுவான வில்லைப் பொருளையும்விட அதிகமாக மாறுகிறது. 300 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள தனி ஜேர்மானிய வில்லை 20 பாகை சூடேறினால் அதன் குவியம் ஏறத்தாழ முக்கால் மில்லிமீற்றர் முன்னே வந்துவிடும். பொறுக்கத்தக்க விலகலைப்போல் அது ஏறத்தாழ ஆறு மடங்கு. அதே வேளை அலுமினிய உடல் விரிந்து உணரியைப் பின்னே தள்ளுவதால் பிழை இன்னும் கூடும். சித்திரை மாத நண்பகலில் பருத்தித்துறைக் கரையில் உலோகக் கூட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் கமெராவுக்கும், மார்கழி விடியலில் வாடைக்காற்றில் நிற்கும் அதே கமெராவுக்கும் இடையில் 20 பாகை என்பது மிகைப்படுத்திய எண் அல்ல. வெவ்வேறு வீதத்தில் மாறும் பொருள்களை இணைத்து ஒன்றின் பிழையை மற்றொன்றால் ஈடுசெய்வது ஒரு வழி. வெப்பமானியின் அளவீட்டுக்கேற்ப ஒரு வில்லையை மோட்டரால் நகர்த்துவது மற்றொரு வழி. முன் வில்லையின் வெளிமுகத்தை வைரம்போன்ற கடின காபன் பூச்சு காக்கிறது. சோழகக் காற்று உப்பையும் மணலையும் ஒன்றாக வாரி வீசும் வடமராட்சிக் கரையில் அப்பூச்சு இல்லாத வில்லை நீடித்திருக்காது. 2023 ஓகஸ்ட்டில் சீனா ஜேர்மானிய ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்த பின்னர், அப்பொருளைக் குறைத்து, அச்சில் வார்க்கக்கூடிய கல்கோஜனைட்டுக் கண்ணாடிகளைக் கையாளும் வடிவமைப்புகளுக்கு நாட்டம் கூடியிருக்கிறது.

கமெரா தன்னைப் பார்த்துவிடும் வேறொரு வழியும் உண்டு. உள்ளிருக்கும் உணரி தன் சுற்றுப்புறம் முழுவதிலும் மிகக் குளிர்ந்த பொருள் என்பதால், ஏதேனும் ஒரு வில்லையின் மேற்பரப்பு ஆடிபோல் நின்று அதன் விம்பத்தை அதற்கே திருப்பிக் காட்டினால், படத்தின் நடுவில் கரிய வட்டம் ஒன்று தோன்றும். நீரில் தன் உருவைக் கண்டு மயங்கிய கிரேக்கப் புராண இளைஞனின் பெயரால் இது நார்சிசஸ் விளைவு எனப்படுகிறது. தெறிப்புத் தடுப்புப் பூச்சு இதைக் குறைக்குமேயன்றி நீக்காது. தெறித்த கதிர் உணரியில் குவியாமல் சிதறிப்போகும்படி ஒவ்வொரு மேற்பரப்பின் வளைவையும் தேர்ந்தெடுக்க வேண்டும். விம்பத்துக்கு மிகச் சிறந்த வளைவு இந்த விளைவால் கைவிடப்படுவது வழமையான நிகழ்ச்சி.

விண்வெளியில் இதே கணக்கு வேறு முகம் கொள்கிறது. 1964 ஓகஸ்ட் 28இல் ஐக்கிய அமெரிக்கா ஏவிய நிம்பஸ்-1 செய்மதியில், விண்வெளியின் குளிரை நோக்கிக் கதிர்வீசியே பூச்சியத்துக்குக் கீழே 75 பாகை வரை குளிர்ந்த ஈய செலனைட்டு உணரி ஒன்று இருந்தது. இரவு முகில்களை நுணுக்கமாகப் படமெடுத்த முதற் கருவி அதுவே. சூரியத்தகட்டைத் திருப்பும் பொறி பழுதடைந்து, ஒரு மாதம் நிறையுமுன் அச்செய்மதி செயலிழந்தது. அதற்கு மூன்று மாதங்களின் பின், டிசெம்பர் 22ஆம் திகதி வட இலங்கையைக் கடந்து பாக்கு நீரிணையில் இறங்கிய சூறாவளி அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தபோது, அத்தகைய கண் ஒன்று வானில் இருக்கவில்லை.

இன்று இப்பகுதியை நோக்கியிருப்பவற்றில் இந்தியாவின் இன்சாட் செய்மதிகள் முக்கியமானவை. 2013 ஜூலை 26இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி, 2016 செப்ரெம்பரில் ஏவப்பட்ட 3டிஆர், 2024 பெப்ரவரி 17இல் ஏவப்பட்ட 3டிஎஸ் ஆகியவற்றில், அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய ஆறு அலைவரிசைப் படக்கருவி பொருத்தப்பட்டது. 310 மில்லிமீற்றர் துவாரமுள்ள ஆடித் தொலைநோக்கியும், இங்கும் அங்கும் அசைந்து புவியைக் கோடு கோடாக வருடும் ஆடியும் கொண்ட அது, 26 நிமிடங்களில் புவியின் முழு வட்டத்தையும் படமாக்குகிறது. முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுக்க வேண்டாம் என்று விட்டுக்கொடுத்ததால் தொலைநோக்கியின் பார்வைக்கோணம் மிகச் சிறிதாகி, மூலைக் கற்றைகளைப் பற்றிய கவலை அகன்றது. காலத்தைக் கொடுத்து எளிமையை வாங்கிய வடிவமைப்பு அது. உணரிகளை ஏறத்தாழ 100 கெல்வினில் வைத்திருப்பது குளிராக்கி இயந்திரமல்ல, கருமையான விண்வெளியைப் பார்த்து நிற்கும் கதிர்வீசுத் தகடு. அத்தகட்டின் பார்வையில் சூடான எதுவும் படக்கூடாது என்பதற்காகச் செய்மதியின் ஒரு பக்கத்தில் மட்டுமே சூரியத்தகடு பொருத்தப்பட்டது. சூரிய ஒளி கதிர்வீசுத் தகட்டின்மேல் விழாதிருக்க ஆண்டுக்கு இருமுறை செய்மதியே அரைவட்டம் திரும்பிக்கொள்கிறது. ஒரு துளைக்காகக் கமெராவை வளைத்ததுபோல், ஒரு தகட்டுக்காக இங்கு முழுச் செய்மதியும் வளைந்து கொடுத்திருக்கிறது.

அதன் வெப்ப அலைவரிசையில் ஒரு புள்ளி 4 கிலோமீற்றர்ச் சதுரம். ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவுள்ள யாழ்ப்பாண மாவட்டம், தீவுகளும் சேர, அறுபதைச் சற்றே தாண்டிய புள்ளிகளில் அடங்கிவிடுகிறது. இதைவிட நுணுக்கம் வேண்டுமென்றால் வில்லைத் திறமையால் மட்டும் முடியாது. துவாரத்தின் ஓரத்தில் அலைகள் வளைவதால் உண்டாகும் கோணல் என்ற தோற்றப்பாடு, அலைநீளம் கூடக்கூட விம்பத்தை மங்கச் செய்கிறது. 310 மில்லிமீற்றர்த் துவாரத்தில் 11 மைக்றோமீற்றர் அலை, 36,000 கிலோமீற்றருக்குக் கீழே ஒன்றரைக் கிலோமீற்றருக்கு நெருக்கமான இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. சுருக்கத்துக்கு இயற்கை இட்ட வரம்பு இது.

வரம்பைத் தாண்டாமல் அணுகுவதற்கு வழி, அருகே போவது. குடாநாட்டுக்கு ஏறத்தாழ நேர் வடக்கே 450 கிலோமீற்றரில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2024 ஓகஸ்ட் 16இல் எஸ்.எஸ்.எல்.வி-டி3 ஏவுகலம் கொண்டுசென்ற இ.ஓ.எஸ்-08 செய்மதியின் மொத்த எடை 175.5 கிலோகிராம். 475 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும்படி விடப்பட்ட அதில், நடு அலைநீள, நெடு அலைநீளச் செந்நிறக்கீழ்க் கதிர்களில் இரவும் பகலும் படமெடுக்கும் கருவி ஒன்றும் இருந்தது. இத்தகைய சிறு கருவிகளுக்கு ஏற்றபடி உணரிப் புள்ளிகள் 30 மைக்றோமீற்றரிலிருந்து 15க்கும், அதன்பின் 10க்கும் இறங்கியுள்ளன. 77 கெல்வினுக்குப் பதில் 150 கெல்வினிலேயே நன்றாக இயங்கும் உணரிகளும் வந்துள்ளதால் குளிராக்கியும் சிறுத்திருக்கிறது. புள்ளி சிறுத்தால் அதே நுணுக்கத்துக்குக் குவியத்தூரம் குறைவாகவே போதும். ஆனால் கோணலின் கணக்கு துவார விட்டத்தை அவ்வளவு எளிதாகக் குறைக்க விடாது. ஆகவே குவியத்தூரம் குறைய விட்டம் நிலைத்து, துவார எண் இறங்கி, முன்னர் சொன்ன துல்லியச் சிக்கல் மறுபடி தலைகாட்டும்.

அந்த 475 கிலோமீற்றர் உயரத்தில் 10 சென்ரிமீற்றர்த் துவாரமுள்ள கருவி 4 மைக்றோமீற்றர் அலைநீளத்தில் பிரித்தறியக்கூடியது 23 மீற்றர். காட்டுத்தீயையும் எரிமலையையும் கைத்தொழிற்சாலை விபத்தையும் காண அது போதும். எஞ்சின் நின்று, கடலின் சூட்டையே தன் சூடாகக் கொண்டு இரவில் மிதக்கும் 18 அடி படகைக் காணப் போதாது. அதைத் தேட வேண்டியது 10 கிலோமீற்றருக்குள் நிற்கும் கமெரா. மலையோ குன்றோ இல்லாத குடாநாட்டில், கரையில் ஆளுயரத்தில் வைத்த கமெராவின் தொடுவானம் ஐந்து கிலோமீற்றரில் முடிந்துவிடும். 30 மீற்றர்க் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றினால் அது 20 கிலோமீற்றர் அளவுக்கு நீளும். காற்றில் ஆடும் அக்கம்பத்தின் தலையிலோ, சிறு ஆளில்லா விமானத்தின் வயிற்றிலோ ஏற்ற வேண்டியிருப்பதால்தான், முன் வில்லை 250 மில்லிமீற்றரா 75 மில்லிமீற்றரா என்பதும், அதைத் தீர்மானிக்கும் ஐந்து மில்லிமீற்றர்க் குளிர்த்துளை எங்கே இருக்கிறது என்பதும் இவ்வளவு கணக்குக்கு உரியவையாகின்றன.